ஐந்து மாடிக்கும் ஒரே சுவரா?

கேள்வி: மேடம், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை ரெவிட் என்ற முப்பரிமாண மென்பொருளில் வரைந்துகொண்டிருக்கிறேன். வெளிச்சுவரைத் தரைத்தளத்தில் தொடங்கி மொட்டைமாடி வரை ஒரே சுவராக இழுத்துவிட்டேன். வேலையும் சீக்கிரம் முடிந்தது, முப்பரிமாணத்தில் பார்க்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் சீனியர் ‘மாடிக்கு மாடி தனியாகப் போடு’ என்கிறார். ஏன் என்று கேட்டால் ‘அப்படித்தான்’ என்கிறார். நிஜமாகவே தேவையா?

பதில்: சீனியர் சொன்னது சரி. காரணம் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. அந்தக் காரணத்தை நான் சொல்கிறேன்.

உங்கள் கட்டடம் தூணும் பீமும் தாங்கும் வகை என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே கொத்தனார் என்ன செய்கிறார்? ஸ்லாப் போட்டு முடிந்தபின் அதன்மேல் செங்கல்லோ பிளாக்கோ அடுக்கி, மேலே உள்ள பீமின் அடிவரை கொண்டுபோய் நிறுத்துகிறார். மூன்றாம் மாடிச் சுவருக்கும் தரைத்தளச் சுவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடுவில் கான்கிரீட் இருக்கிறது. உங்கள் மாடலிலோ சுவர் நான்கு ஸ்லாப்களைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். வெளிச்சுற்று 40 மீட்டர், சுவர் 200 மி.மீ., ஸ்லாப் 150 மி.மீ. என்றால் ஒரு மாடிக்கு 1.2 கன மீட்டர். நடுவில் உள்ள நான்கு ஸ்லாப்களுக்கு 4.8 கன மீட்டர். அந்த இடம் கான்கிரீட் கணக்கிலும் வரும், கட்டுவேலைக் கணக்கிலும் வரும். பீம்களின் ஆழத்தையும் சேர்த்தால் இன்னும் மோசம். ஃப்ளோர் வரைந்து முடிக்கும்போது ‘சுவரோடு மோதுகிறது, வெட்டிவிடட்டுமா?’ என்று ரெவிட் கேட்குமே, அது இதற்குத்தான். அவசரத்தில் நாம் எல்லாரும் ‘நோ’ தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான்.

சரி, ‘யெஸ்’ என்றே சொன்னீர்கள், கன அளவு சரியாகிவிட்டது. அப்போதும் ஷெட்யூலில், அதாவது ரெவிட் தரும் அளவுப் பட்டியலில், பேஸ் கன்ஸ்ட்ரெயின்ட் (சுவர் எந்த மாடியில் தொடங்குகிறது என்ற அமைப்பு) வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஐந்து மாடிச் சுவரும் தரைத்தளத்தின் கீழே ஒற்றை வரியாக நிற்கும். ‘மூணாவது மாடிக்கு எத்தனை பிளாக் இறக்கணும்?’ என்று சைட்டிலிருந்து போன் வந்தால் மாடல் வாயைத் திறக்காது. மற்ற மென்பொருள்களும் படிக்கும் பொது வடிவமான ஐ.எஃப்.சி.யாக ஏற்றுமதி செய்தாலும் இதே கதைதான். அந்த வடிவத்தில் ஒரு பொருள் ஒரே ஒரு மாடியில்தான் குடியிருக்க முடியும். மற்ற மாடிகளுக்கு ‘இங்கேயும் தொடர்புண்டு’ என்று ஒரு குறிப்பு வேண்டுமானால் வைக்கலாம்.

நானும் இதைச் செய்து மாட்டியவள்தான். ஏழு மாடி, வெளிச்சுவர் ஒரே இழுப்பு. எல்லாம் முடிந்தபின் இரண்டாம் மாடியில் மட்டும் ஒரு பக்கச் சுவரை 600 மி.மீ. உள்ளே தள்ளச் சொன்னார்கள், பால்கனி வேண்டுமாம். சுவரின் வடிவத்தை மாற்றும் எடிட் ப்ரொஃபைல் கருவி அதன் முகத்தில் ஓட்டை போடும், ஓரத்தை வெட்டும். ஒரு மாடியை மட்டும் உள்ளே தள்ளச் சொன்னால் கேட்காது. ஜன்னல்கள் எல்லாம் அந்த ஒரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. அன்று ராத்திரி பத்தரைக்குத்தான் கணினியை அணைத்தேன்.

விதிவிலக்குகள் உண்டு. ஆரம்பக்கட்ட டிசைனில், மாடி உயரமே முடிவாகாதபோது, ஒற்றைச் சுவர் வசதியானது, தாராளமாகப் போடுங்கள். கர்ட்டன் வால் என்ற கண்ணாடித் திரைச்சுவர் ஸ்லாப்புக்கு வெளியே தொங்குவது, அது தொடர்ந்துதான் போக வேண்டும். வெளிப்புறக் கல் பதிப்பும் அப்படித்தான். அதற்கு நான் செய்வது: கட்டுச்சுவரை மாடிக்கு மாடி போட்டுவிட்டு, வெளித்தோலை மட்டும் தனிச் சுவர் வகையாக முழு உயரத்துக்கு ஒட்டுகிறேன். இரண்டையும் ஜாயின் செய்தால் உள்சுவரில் வைத்த ஜன்னல் வெளித்தோலையும் வெட்டிக்கொள்ளும். ஜாயின் செய்ய மறந்தால் உள்ளேயிருந்து ஜன்னல் தெரியும், வெளியே கல் மூடியிருக்கும். ஒருமுறை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதை விடுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே இழுத்த சுவரை அழிக்காமல் பிரிக்க முடியுமா?

பதில்: முடியும். எலிவேஷன் அல்லது செக்ஷனுக்குப் போய் எஸ்.எல். தட்டுங்கள், ஸ்ப்ளிட் வரும். மாடியின் மட்டத்தைக் காட்டும் லெவல் கோட்டின் மேல் க்ளிக் செய்தால் சுவர் அங்கே குறுக்காகப் பிரியும். ஏதாவது ஜன்னல் கோட்டின் குறுக்கே நிற்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் தேர்ந்தெடுத்து அதன் பேஸ், டாப் கன்ஸ்ட்ரெயின்ட் இரண்டையும் பாருங்கள். மூன்றாம் மாடித் துண்டு தரைத்தளத்தைப் பிடித்துக்கொண்டு 9000 மி.மீ. ஆஃப்செட்டில், அதாவது அவ்வளவு மேலே தள்ளி, நின்றால் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும், ஆனால் ஷெட்யூலில் பழைய வியாதி அப்படியே இருக்கும். பேஸை அந்தந்த மாடிக்கு மாற்றி, ஆஃப்செட்டைச் சரிசெய்யுங்கள். டாப்பை அடுத்த லெவலுக்குக் கொடுத்து, ஸ்லாப் தடிப்பு 150 என்றால் டாப் ஆஃப்செட் -150. மேலே பீம் இருந்தால் பீமின் ஆழம்.

இங்கே பலர் இடறும் ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் லெவல் கோடு எதைக் குறிக்கிறது, டைல்ஸ் போட்டு முடித்த தரையையா, ஸ்லாப்பின் மேல்மட்டத்தையா? முடித்த தரை என்றால், டைல்ஸும் கலவையும் சேர்ந்து 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஸ்லாப் அந்தக் கோட்டுக்கு 50 மி.மீ. கீழே தொடங்கும். சுவர் ஸ்லாப் மேல்தானே நிற்கிறது? அப்போது பேஸ் ஆஃப்செட் -50, டாப் ஆஃப்செட் -200. இதை ஆபீஸில் எல்லாரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளவில்லை என்றால், ஒருவர் வரைந்த சுவர் தரைக்கு மேல் மிதக்கும், இன்னொருவருடையது ஸ்லாப்புக்குள் புதையும்.

கேள்வி: நான் ரெவிட்டுக்குப் பதிலாக ஆர்க்கிகேட் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அங்கேயும் இதே கதைதானா?

பதில்: கதை ஒன்று, பெயர்தான் வேறு. அங்கே ஒவ்வொரு சுவருக்கும் ஒரு ஹோம் ஸ்டோரி, அதாவது சொந்த மாடி, உண்டு. மேல்முனையை அடுத்த ஸ்டோரியோடு இணைத்துவிட்டால், மாடி உயரத்தை மாற்றும்போது சுவரும் கூடவே நீளும். இணைக்காமல் உயரத்தை எண்ணாக அடித்து வைத்தால் 3000 என்றும் 3000-தான்.

கேள்வி: கீழே கல், மேலே பூச்சு. ரெவிட்டில் சுவர் வகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் ஸ்டேக்டு வால் போட்டால் ஒரே சுவரில் இரண்டும் வந்துவிடுமே?

பதில்: ஒரே மாடிக்குள் பீடம் கல், அதற்கு மேல் பூச்சு என்றால் அருமையான கருவி. மாடிகளை அடுக்க அது வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் வலது க்ளிக்கில் ‘பிரேக் அப்’ இருக்கிறது.

கேள்வி: தேவையில்லாத ஒரு லெவலை அழித்தேன். அந்த மாடிச் சுவர்கள் மொத்தமும் காணவில்லை!

பதில்: முதலில் கன்ட்ரோல் இசட். அந்த லெவலைப் பேஸாக வைத்திருந்ததெல்லாம் கூடவே போய்விடும். ரெவிட் அழிக்கும் முன் ஓர் எச்சரிக்கை காட்டியிருக்கும், நாம்தான் படிப்பதில்லை. அந்தச் சுவர்களை வேறு லெவலுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் அழியுங்கள். ஃபைலை மூடிவிட்டீர்கள் என்றால், அதே ஃபோல்டரில் பெயருக்குப் பின்னால் 0001, 0002 என்று எண் போட்ட பேக்கப் ஃபைல்கள் இருக்கிறதா என்று தேடுங்கள்.