ராம்ஸ்பொட்டம்: ஒரு லங்காஷயர் குடும்பப்பெயரின் கதை (கேள்வி பதில்)

யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் 26 வருடமாக மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கிறேன். வேலை முடிந்த பொழுதெல்லாம் இந்தப் பக்கத்துக் குடும்பப்பெயர்களைத் தேடுவதிலேயே போகிறது. 'ராம்ஸ்பொட்டம்' என்ற பெயரைப் பற்றி நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

லண்டன், கணக்காளர்: என்னோடு வேலை செய்பவரின் பெயர் ராம்ஸ்பொட்டம். பெயரைச் சொன்னாலே சிலர் சிரிக்கிறார்கள், அவர் முகம் சுருங்குகிறது. அந்தப் பெயருக்கு உண்மையில் என்ன பொருள்?

சிரிப்பவர்களின் காதில் விழுவது இன்றைய ஆங்கிலம். அந்தப் பெயரோ குறைந்தது 700 வருடம் பழையது. 'பொட்டம்' என்ற சொல்லுக்குப் பிட்டம் என்ற பொருள் வந்ததே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். பழைய ஆங்கிலத்தில் அது பள்ளத்தாக்கின் அடித்தரை, அதாவது இரண்டு மேட்டுக்கு நடுவில் ஆறோ ஓடையோ ஓடும் ஈரத் தாழ்நிலம். லங்காஷயரிலும் யோர்க்ஷயரிலும் மலைப்பக்கம் போனால் இந்த முடிவோடு இடப்பெயர்கள் நிறையக் கிடைக்கும்.

ராம்ஸ்பொட்டம் இன்றும் இருக்கிற ஊர். பெரி நகருக்கு வடக்கே, இர்வெல் ஆற்றங்கரையில், ஹோல்கம் மலையின் அடியில் இருக்கிறது. உள்ளூர்ச் சனம் செல்லமாக 'ராமி' என்பார்கள். உங்கள் நண்பரின் பெயர் அந்த ஊரின் பெயர், அவ்வளவுதான். நம் மாங்குளம், புளியங்குளம் போல ஒரு செடியையும் ஒரு நில அமைப்பையும் சேர்த்து வைத்த பெயர் அது. மாங்குளத்தைக் கேட்டு யாராவது சிரிப்பார்களா?

கோயம்புத்தூர், தாவரவியல் மாணவி: செடி என்கிறீர்கள். 'ராம்' என்றால் செம்மறிக் கடா அல்லவா?

அப்படியும் கொள்ளலாம், 'கடாவின் பள்ளத்தாக்கு' என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இடப்பெயர் அகராதிகள் முதலில் வைப்பது காட்டுப்பூண்டைத்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'ஹ்ராம்சா' என்று பெயர், இன்றைய ஆங்கிலத்தில் 'ராம்சன்ஸ்'. ஊரின் பெயர் 1324ஆம் ஆண்டு ஆவணத்தில் 'ரோம்ஸ்பொத்தம்' என்று வருகிறது. கேம்பிரிட்ஜ்ஷயரில் ராம்சி என்று ஓர் ஊர் உண்டு, அதற்கும் 'காட்டுப்பூண்டுத் தீவு' என்றுதான் பொருள் சொல்கிறார்கள்.

நான் பூண்டின் பக்கம். மே மாதம் இங்கே ஆற்றோரத்து மரநிழலில் நடந்தால், பூ கண்ணில் படுமுன்பே வாசம் வந்துவிடும். அகலமான பச்சை இலை, நடுவில் ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் நட்சத்திரம் போல வெள்ளைப் பூக்கள் கொத்தாக. ஓர் இலையைக் கிள்ளி விரலில் கசக்கினால் வீட்டுக்கு வந்து கை கழுவும் வரை ரசத்துக்குப் பூண்டு தட்டிய வாசம் போகாது. ஈரமும் நிழலும் உள்ள தாழ்நிலம்தான் அதற்குப் பிடித்த இடம். அப்படி ஓர் இடத்துக்குப் பெயர் வைக்க வந்தவர் எதைக் கண்டு வைத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கனடா, பெயர் வேண்டாம் என்கிறார்: ஊர்ப்பெயர் எப்படிக் குடும்பப்பெயர் ஆனது? ஊரில் இருந்த எல்லாருக்கும் அதே பெயரா?

நல்ல கேள்வி, பலர் தவறுவது இங்கேதான். காரைநகரில் இருக்கும்வரை யாரும் யாரையும் 'காரைநகரான்' என்று கூப்பிடுவதில்லை. அவர் கொழும்பில் கடை போட்ட பிறகுதான் அப்படி அழைப்பார்கள். இங்கேயும் அதே கதை. ஊரை விட்டுப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு நகர்ந்தவரைத்தான் 'ராம்ஸ்பொட்டத்து ஜான்' என்றார்கள்.

1066இல் நோர்மன்கள் வந்தபின், இங்கிலாந்தின் தெற்கில் பெருநிலக்காரரிடம் முதலில் குடும்பப்பெயர் நிலைத்தது. வடக்கில் சாதாரணச் சனத்துக்கு அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் இறங்கத் தொடங்கியது பெரும்பாலும் 14, 15ஆம் நூற்றாண்டுகளில். பக்கத்தில் ரொசெண்டேல் என்ற பெரும் நிலப்பரப்பு வேட்டைக்காடாகச் சட்டத்தால் காக்கப்பட்டிருந்தது. 1507இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கிக் குடியேற்றம் பெருகியது. அப்படிக் குடியேறியவர்கள் தங்கள் பழைய ஊரின் பெயரையும் கொண்டுபோனார்கள்.

பெர்மிங்ஹாம், ஆசிரியை: 'ராம்ஸ்பொத்தம்' என்று எழுதுபவர்கள் வேறு குடும்பமா? வசதி வந்தவுடன் மாற்றிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கதையில் பாதி உண்மை. 'பொட்டம்' என்ற சொல் கேலிக்குரியதாக மாறிய பிறகு 'த்' சேர்ந்த எழுத்தை விரும்பி வைத்துக்கொண்ட குடும்பங்கள் இருந்திருக்கும். ஆனால் அது புதிதாகப் புனைந்த எழுத்து இல்லை. மேலே சொன்ன 1324ஆம் ஆண்டு வடிவத்தைப் பாருங்கள், அதிலேயே 'த்' இருக்கிறது. இரண்டு உச்சரிப்பும் ஆதியிலிருந்தே பக்கம் பக்கமாக வந்தவை.

எழுத்தை வைத்துக் குடும்பத்தைப் பிரிக்க முடியாது. 1538இல் தோமஸ் குரொம்வெல் எல்லாத் தேவாலயங்களும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பதிவேட்டில் எழுதியது குருவானவரோ எழுத்தரோ. பெயருக்கு உரியவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. மைக்ரோபிலிமில் நானே பார்த்திருக்கிறேன்: ஒரே பக்கத்தில் மூத்த பிள்ளைக்கு 'டம்', அடுத்த பிள்ளைக்கு 'தம்', தகப்பன் ஒருவர்தான். காதில் விழுந்ததை எழுதினார்கள்.

சென்னை, கிரிக்கெட் ரசிகர்: இயன் போத்தம் பெயரும் இதே வேரா?

அதே வேர்தான். போத்தம் என்றால் பள்ளத்தாக்கின் அடியில் குடியிருந்தவர். இடதுகை வேகப்பந்து வீச்சாளர் ரயன் சைட்பொட்டத்தின் பெயருக்கு 'அகன்ற பள்ளத்தாக்கு' என்று பொருள். அங்கே 'சைட்' என்பது பக்கம் இல்லை, அகலத்தைக் குறித்த பழைய சொல். பெரிக்குப் பக்கத்து ஷிப்பர்பொட்டம் என்ற இடத்திலிருந்து வந்த பெயர் ஷஃபிள்பொட்டம். 'ஆடு கழுவும் ஊற்றுள்ள பள்ளத்தாக்கு' என்ற பொருள் திரிந்து திரிந்து இன்று சீட்டுக் கலைக்கிற 'ஷஃபிள்' ஆகிவிட்டது.

சென்னையில் இருக்கிற உங்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக்கடை இருக்கிறதே, 1844இல் தொடங்கிய அந்தக் கடை ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் என்பவரின் பெயரால் வந்தது. அந்தக் குடும்பப்பெயரை போல்டன் பக்கத்து ஓக்கன்பொட்டம் என்ற இடத்தோடு சேர்க்கிறார்கள், ஓக் மரப் பள்ளத்தாக்கு. போல்டனிலிருந்து ராம்ஸ்பொட்டத்துக்குப் பத்து மைல்கூட இல்லை.

சிட்னி, மென்பொருள் பொறியாளர்: ராம்ஸ்பொட்டங்கள் எல்லாரும் ஒரே பாட்டனின் வழியா? டி.என்.ஏ. என்ன சொல்கிறது?

அரிய பெயர் என்றால் உறவாக இருக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் உறுதி இல்லை. குடும்பப்பெயரும், ஆண்களுக்கு மட்டும் உள்ள வை குரோமோசோமும் தகப்பன் வழியே இறங்குவதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் அதைத்தான் செய்தார்கள். 2006இல் வந்த ஆய்வில், ஒரே பெயர் கொண்ட இரண்டிரண்டு ஆண்களாக 150 சோடிகளைச் சோதித்தார்கள். சராசரியாக 24 வீதச் சோடிகளுக்கு அண்மைக் காலப் பொது மூதாதை இருந்தார். பெயர் அரிதாக அரிதாக அது ஏறி, மிக அரிய பெயர்களில் பாதியை நெருங்கியது. 2009இல் 40 பெயர்களை எடுத்துப் பார்த்தபோது, ஸ்மித் என்ற பெயருள்ள இருவர் தெருவில் போகும் எந்த இருவரையும் விட நெருக்கமாக இல்லை. ஆனால் அட்டன்பரோ என்ற பெயர்க்காரரில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒரே வகை வை குரோமோசோம்.

தொழிலால் வந்த ஸ்மித், அதாவது கொல்லர், ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்த பெயர். ராம்ஸ்பொட்டம் ஒரே ஓர் இடத்திலிருந்து கிளம்பியது. ஆனால் அந்த இடத்திலிருந்து வெளியேறியவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லையே. தத்தெடுத்த பிள்ளை, தாயின் பெயரை வைத்துக்கொண்ட பிள்ளை என்று சங்கிலி அறும் இடங்களும் உண்டு. ஒரே பெயர் என்பதால் சொந்தம் கொண்டாட வேண்டாம், பதிவேட்டைப் பாருங்கள்.

டொரொன்டோ, ஓய்வுபெற்ற தாதி: இந்தப் பெயர்க்காரர் இன்று எங்கே அதிகம்?

1881 குடிசன மதிப்பீட்டைப் படத்தில் போட்டுப் பார்த்தால் லங்காஷயரின் கிழக்கு மூலையில்தான் குவிந்திருக்கிறார்கள். பெரி, ரொசெண்டேல், ரோச்டேல், போல்டன். நூற்றாண்டுகள் கடந்தும் பெயர் பிறந்த இடத்திலிருந்து ஒரு நாள் நடை தூரத்துக்குள்ளேயே அது நின்றதற்குப் பஞ்சு ஆலைகள் ஒரு பெரிய காரணம். மற்ற நாட்டுப்புறங்களிலிருந்து சனம் வேலை தேடி நகரத்துக்கு ஓடிய காலத்தில் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஆலைகளே வந்து சேர்ந்தன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பீல் குடும்பம் ராம்ஸ்பொட்டத்தில் துணி அச்சடிக்கும் பட்டறை வைத்தது. அச்சடித்தது 'கலிக்கோ', கோழிக்கோட்டின் பெயரால் வந்த துணி. இந்திய அச்சுத்துணியை 1700லும் 1721லும் சட்டம் போட்டுத் தடுத்த நாடு, பிறகு அதையே இங்கே செய்து விற்றது. அந்த வரலாறு எனக்கு இன்றும் மனதைக் குத்துகிறது.

1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வராமல் ஆலைகள் நின்று, சனம் பட்டினி கிடந்தது. அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் லங்காஷயர் நெசவுக்காரர் பலர் மாசசூசெட்ஸ் ஆலை நகரங்களுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். வட அமெரிக்காவில் இந்தப் பெயரைக் கண்டால் அந்த வழியை முதலில் தேடுங்கள்.

திருச்சி, ரயில்வே ஊழியர்: ராம்ஸ்பொட்டம் வால்வு என்று பழைய நீராவி எஞ்சின் பாடத்தில் படித்தேன். அவர் இந்தப் பெயர்க்காரரா?

ஆம், ஜான் ராம்ஸ்பொட்டம், 1814இல் டொட்மோர்டனில் பிறந்தவர். கூடுதல் இழுவைக்காகச் சாரதிகள் பாதுகாப்பு வால்வை இறுக்கிவிட, கொதிகலன் வெடித்து ஆட்கள் செத்த காலம் அது. இறுக்க முடியாதபடி அவர் ஒரு வால்வு அமைத்தார். 1852இல் பிளவுள்ள பிஸ்டன் வளையம் செய்தார். இன்று உங்கள் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் இருப்பதும் அந்த யோசனையின் வாரிசுதான். 1860இல் வடக்கு வேல்ஸில் தண்டவாளங்களுக்கு நடுவே தொட்டி போட்டு, ஓடுகிற எஞ்சினே தண்ணீர் அள்ளும்படி செய்தார். அதே பெயரில் இன்னொருவர், 1885இல் மான்செஸ்டரில் பிறந்த காளான் அறிஞர். இருவரையும் குழப்ப வேண்டாம்.

யாழ்ப்பாணம், சட்ட மாணவர்: ஐயா, சோல்பரி பிரபுவின் சொந்தப் பெயர் ராம்ஸ்பொத்தம் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

உண்மை தம்பி. ஹெர்வால்ட் ராம்ஸ்பொத்தம், 1887இல் பிறந்தவர், 1929 முதல் 1941 வரை லங்காஸ்டர் தொகுதி எம்.பி. 1941இல் பிரபுப் பட்டம் கிடைத்தபோது பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள சோல்பரி என்ற கிராமத்தின் பெயரை எடுத்துக்கொண்டார். 1944 கடைசியில், இலங்கையின் அரசியல் யாப்பை ஆராயும் ஆணைக்குழுவோடு வந்தார். தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் 'ஐம்பதுக்கு ஐம்பது', அதாவது சட்டசபையில் பாதி இடம் சிறுபான்மையினருக்கு என்று கேட்டு வாதாடியது அந்த ஆணைக்குழுவின் முன்தான். அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அதன் பின் வந்த யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பு என்று எழுதப்பட்ட 29ஆம் பிரிவு, 1972இல் குடியரசு யாப்பு வந்தபோது இல்லாமல் போனது. 1949 முதல் 1954 வரை சோல்பரியே இலங்கையின் மகாதேசாதிபதியாகவும் (கவர்னர் ஜெனரல்) இருந்தார்.

அவர் மூத்த மகனை நம் பக்கத்தில் பெரியவர்களுக்குத் தெரியும், வேறு பெயரில். ஜேம்ஸ் ராம்ஸ்பொத்தம் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளிடம் வந்து சேர்ந்து, சந்தசுவாமி ஆனார். செங்கலடிச் சிவதொண்டன் நிலையத்தோடு அவர் வாழ்வு இணைந்தது. தகப்பன் 1971இல் காலமானபோது பட்டம் அவருக்கு வந்தது. 2004இல் அவர் மறைந்த பின் அது தம்பி பீட்டர் ராம்ஸ்பொத்தமுக்குப் போனது. பீட்டர் வாஷிங்டனில் பிரித்தானியத் தூதராக இருந்தவர். லங்காஷயர்ப் பள்ளத்தாக்கின் பெயரோடு பிறந்த ஒருவர் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் செங்கலடியில் தமிழ்ப் பெயரோடு வாழ்ந்ததை முதன்முதலில் அறிந்த அன்று எனக்கு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

லூட்டன், இளம் தாய்: என் கணவரின் அம்மம்மா ராம்ஸ்பொட்டம் குடும்பம். பிள்ளைகளுக்காகத் தேட விரும்புகிறேன், எங்கே தொடங்குவது?

இருக்கிறவர்களிடம் தொடங்குங்கள் தங்கச்சி. அம்மம்மாவின் பிறந்த திகதி, அவருடைய தாயின் கன்னிப்பெயர், இரண்டும் போதும். 1837 ஜூலையிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு அரசுப் பதிவில் உண்டு. பதிவாளர் நாயகத்தின் இணையச் சுட்டியில் தாயின் கன்னிப்பெயரைப் போட்டுத் தேடலாம். அதற்கு முந்தியதற்குத் தேவாலயப் பதிவேடுகள். 'லங்காஷயர் ஒன்லைன் பரிஷ் கிளார்க்ஸ்' என்று தொண்டர்கள் நடத்தும் திட்டத்தில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். 1931 குடிசன மதிப்பீட்டைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம், 1942இல் தீயில் எரிந்துவிட்டது. அந்த இடைவெளிக்கு, போர் தொடங்கியபோது சனத்தைக் கணக்கெடுத்த 1939ஆம் ஆண்டுப் பதிவு உதவும். எங்கே தேடினாலும் 'டம்', 'தம்' இரண்டு எழுத்திலும் தேடுங்கள்.

1911ஐ மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். அதற்கு முந்திய மதிப்பீடுகளில் நமக்கு மிஞ்சியவை பெரும்பாலும் கணக்கெடுக்க வந்தவர் பெயர்த்தெழுதிய பிரதிகள். 1911இல் வீட்டுக்காரரே நிரப்பிய தாள் அப்படியே இருக்கிறது. கடைசி வரியில் கையெழுத்து இருக்கும். அந்தக் குடும்பம் தன் பெயரை எப்படி எழுதியது என்பதை அதில் அவர்கள் கையாலேயே பார்ப்பீர்கள்.