ஆம்ப் முகப்பில் ஒளிரும் பெயர்: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

திருமங்கலத்து வாசகர் ஒருவர், இரண்டு இஎல்84, இரண்டு இசிசி83 வால்வுகளை (பழைய ரேடியோக்களில் இருந்தது போன்ற கண்ணாடிக் குழாய்கள்) கொண்டு, கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஒன்றைத் தாமே கட்டியிருக்கிறார். முகப்பில் அக்ரிலிக் பெயர் ஒளிர வேண்டும் என்று 12 வோல்ட் எல்இடி ஸ்டிரிப்பையும் ரிமோட் கன்ட்ரோலரையும் பொருத்தியதும், ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் போல ஒரு கீச்சொலி வருகிறதாம். ஸ்டிரிப்புக்கு மின்சாரம் தரும் அடாப்டருக்குப் பதிலாக, வீட்டு எல்இடி பல்பின் உள்சர்க்யூட்டைக் கழற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறாராம் கடைக்காரர். போடலாமா என்று கேட்கிறார்.

கூடவே கூடாது. மலிவான பல்புகள் பலவற்றில் வீட்டு மின்சாரத்தையும் எல்இடியையும் பிரிக்க ட்ரான்ஸ்ஃபார்மரே இருப்பதில்லை. அந்தச் சர்க்யூட்டின் வயர் உரசிச் சேசிஸில் (ஆம்பின் உலோகக் கூட்டில்) பட்டால், சேசிஸோடு இணைந்த கிட்டார் கம்பிகளின் வழியாக 230 வோல்ட் உங்கள் விரலுக்கு வந்துவிடும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் என்பார்கள். எத்தனை கல்யாண மண்டபங்களில், எத்தனை திருவிழா மேடைகளில் பிளக் பாயிண்டின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயர் இருக்கிறது? பெயருக்கு மூன்று துளை வைத்துவிட்டுப் பணம் வாங்கிச் செல்லும் வயரிங் ஒப்பந்தக்காரர்களை யாரும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, ஹம் என்னும் உறுமல் ஒலி குறையும் என்று எர்த் பின்னை வெட்டச் சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆம்பைக் கொடுக்காதீர்கள்.

கீச்சொலிக்குக் காரணம், கன்ட்ரோலரும் அடாப்டரும் மின்சாரத்தை இடைவிடாமல் வெட்டி வெட்டி அனுப்புவதுதான். இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஆம்பின் ட்ரான்ஸ்ஃபார்மரில் வால்வுகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் சுற்றே (ஹீட்டர் சுற்று) போதும். அது 3 ஆம்பியர் தரும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வால்வுகளும் சேர்ந்து 2.12 ஆம்பியர்தான் எடுக்கும். ஏசியை டிசியாக்க நான்கு 1என்4007 டயோடுகளால் ஒரு பிரிட்ஜ், அதன்பின் பத்து வெள்ளை எல்இடிகள், ஒவ்வொன்றுக்கும் தனியாக 330 ஓம் ரெசிஸ்டர் என்று அமைத்தால் 0.15 ஆம்பியருக்குள் முடிந்துவிடும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் எல்லாம் கிடைக்கும். துடிப்பைச் சமன்செய்யக் கெப்பாசிட்டர் வேண்டாம், ஒளி நொடிக்கு 100 முறை துடிப்பது கண்ணுக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் இருமுறை படியுங்கள். பிரிட்ஜின் மைனஸ் முனையைச் சேசிஸில் சேர்க்கக் கூடாது. மைனஸ் என்றாலே சேசிஸ் என்று பழகிய கை தானாக அங்கே போகும். ஆனால் ஹீட்டர் சுற்றின் நடுவயர் ஏற்கெனவே சேசிஸில் இருந்தால், மைனஸையும் அங்கே சேர்த்ததும் பாதிச் சுற்று ஒரு டயோடு வழியாக ஷார்ட் ஆகி, டயோடு வெடிக்கும் அல்லது ட்ரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். நடுவயருக்குப் பதில் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்கள் இருந்தாலும் சேர்க்காதீர்கள், ஹம் வந்துவிடும். எல்இடிகளை அலுமினியப் பட்டையில் ஒட்டினால் அவற்றின் கால்கள் பட்டையில் படாமல் ஸ்லீவ் போடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் அளவுக்குத் தேங்கியிருக்கலாம். அதை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கையை வையுங்கள்.

அக்ரிலிக்கை லேசர் மெஷின் வைத்திருப்பவரிடமே நேரில் கொடுங்கள். இடையில் ஆர்டர் பிடிக்கும் ஏஜென்டுகள் காஸ்ட் (அச்சில் வார்த்த) ஷீட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு எக்ஸ்ட்ரூடட் (மெஷினில் பிதுக்கி எடுத்த) ஷீட்டைத் தள்ளிவிடுவார்கள். அதில் பொறித்த எழுத்து பனிபோல வெளுக்காது, ஒளியும் சரியாகப் பிடிக்காது. முதலில் ஒரு துண்டில் பொறித்துப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் ஷீட்டில், பின்பக்கமாக, எழுத்தைத் திருப்பிப் பொறிக்கச் சொல்லி, கீழ் ஓரத்திலிருந்து எல்இடி ஒளியைச் செலுத்துங்கள். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகிவிடும் என்பதால் இஎல்84 வால்வுகளுக்கு எதிரே அதை வைக்காதீர்கள்.