கட்டட அஸ்திவாரத்துக்கு நூல் கட்டிய பிறகு நான்கு மூலையும் 90 டிகிரிதானா என்று எப்படிச் சரிபார்ப்பது? மூலைமட்டம் (எல் வடிவக் கருவி) வைத்தால் போதாதா?

போதாது. 60 செ.மீ. கை உள்ள மூலைமட்டத்தில் 1 மி.மீ. பிசகு கண்ணுக்கே தெரியாது. அதே கோடு 12 மீட்டர் ஓடினால் 20 மி.மீ. விலகியிருக்கும். சுவரில் பூச்சு அதை மறைத்துவிடலாம். ஆனால் தரையில் டைல்ஸ் போடும்போது சுவரோரத் துண்டு ஆப்பு மாதிரி குறுகிக்கொண்டே போகும், அங்கே மறைக்க வழியில்லை.

3-4-5 கணக்குக்கும் (மூலையிலிருந்து ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 மீட்டர் அளந்து, அந்த இரு புள்ளிகளுக்கும் இடையே 5 மீட்டர் வந்தால் மூலை 90 டிகிரி) இதே குறை உண்டு. 3, 4 மீட்டர் பக்கங்களில் முளை அடித்து, 5 மீட்டரில் 5 மி.மீ. தவறினால் 12 மீட்டர் தள்ளி 25 மி.மீ. கோணல். அதே 5 மி.மீ. தவறு 9-12-15 முக்கோணத்தில் சுமார் 8 மி.மீ.தான் ஆகும். ஆகவே இடம் எவ்வளவு பெரிய முக்கோணத்துக்கு விடுகிறதோ அவ்வளவு பெரிதாகப் போடுங்கள்.

12 × 9 மீட்டர் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். நீளமான ஒரு பக்கத்தை அடிக்கோடாக வைத்து, அதை அப்புறம் அசைக்காதீர்கள். மனையே கோணலாக இருந்தாலும் மற்ற மூன்று கோடுகளும் இதிலிருந்துதான் வரவேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பார்த்த பிறகே கிராஸ், அதாவது மூலைக்கு மூலை குறுக்களவு, அளக்க வேண்டும். பலர் இந்த வரிசையை மாற்றி, கிராஸ் இரண்டும் சமம் என்றதும் வேலையை முடித்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் 12, எதிர்ப்பக்கம் 11.90 என்று இரு முனையிலும் ஒரே அளவு உள்வாங்கியிருந்தால்கூட கிராஸ் சமமாகத்தான் வரும்! பக்கங்கள் சரியாக இருந்து, இரண்டு கிராஸும் 15.00 மீட்டர் வந்தால்தான் அது செவ்வகம்.

இரண்டு கிராஸுக்கும் வித்தியாசம் வந்தால் ஒரே ஒரு முளையை நகர்த்தாதீர்கள், பக்க அளவு கெட்டுவிடும். அடிக்கோட்டுக்கு எதிரே உள்ள இரண்டு முளைகளையும், நீளமான கிராஸ் குறையும் திசையில், அடிக்கோட்டுக்கு இணையாக ஒரே அளவு தள்ளுங்கள். எவ்வளவு தள்ளுவது? வித்தியாசத்தைக் கிராஸ் நீளத்தால் பெருக்கி, அடிக்கோட்டின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். இங்கே வித்தியாசம் 40 மி.மீ. என்றால் 40 × 15 ÷ 24 = 25 மி.மீ. தள்ளிவிட்டு மறுபடி அளந்து, 5 மி.மீ.க்குள் வரும்வரை விடாதீர்கள்.

டேப் ஸ்டீலாக இருக்கட்டும், துணி டேப் இழுக்க இழுக்க நீளும். இரண்டு கிராஸையும் ஒரே டேப்பில், ஒரே இழுவையில் அளக்க வேண்டும். தரை சரிவாக இருந்தால் தரையோடு அளக்கவே கூடாது: 15 மீட்டரில் அரை மீட்டர் சரிவு 8 மி.மீ. கூட்டிக் காட்டும். டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுப் புள்ளியை இறக்குங்கள்.

எல் வடிவக் கட்டடம் என்றால் முழுவதையும் அடக்கும் பெரிய செவ்வகத்தை முதலில் சரிசெய்து, மூலையை அதற்குள் வெட்டி எடுக்கலாம்.

குழி தோண்டினால் மூலை முளை போய்விடும். அதற்கு முன்பே ஒவ்வொரு கோட்டையும் குழிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வெளியே நீட்டி, முளை அடித்து, ஆணியில் குறித்து வையுங்கள். கான்கிரீட் போடும் முன் நூலை மறுபடி கட்டி கிராஸ் பாருங்கள். தோண்டும்போது ஏதாவது ஒரு முளையில் இடி பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.