எம்.எல்.ஏ. ஆபீஸ் பெஞ்ச்: வாசகர் கேள்விகள்

(இந்த இதழில் பதில் சொல்பவர், காவிரிப் படுகையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் இரண்டு தவணை, பத்து வருஷம், உதவியாளராக இருந்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “போட்டீங்கன்னா நாளைக்குக் காலையிலேயே வாசல்ல மனுவோட நிப்பாங்க” என்றார். - ஆசிரியர்)

மூன்று மாதமாகத் தெருவிளக்கு எரியவில்லை. எம்.எல்.ஏ.விடம் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. ஓட்டுக் கேட்க மட்டும் வரத் தெரிகிறதா?
- வாசகி, மணப்பாறை

கோபம் நியாயம், ஆனால் கதவு மாறித் தட்டியிருக்கிறீர்கள் அம்மா. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை மூன்றும் உள்ளாட்சியின் வேலை. ஊருக்குள் இருந்தால் நகராட்சி, சுற்றுவட்டக் கிராமம் என்றால் ஊராட்சி. தேர்தல் நடக்காமல் தலைவர் நாற்காலி காலியாக இருந்தால் தனி அலுவலர் இருப்பார். மின்கம்பத்தில் ஒரு எண் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொண்டு போங்கள். “பிள்ளையார் கோயில் பக்கத்துக் கம்பம்” என்று எழுதினால் லைன்மேன் எந்தப் பிள்ளையார் என்று தேடிக்கொண்டிருப்பார்.

எங்கள் ஆபீசுக்கு வரும் மனுக்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். நான் செய்த வேலை என்ன என்று யாராவது கேட்டால், “இது யாருடைய வேலை என்று கண்டுபிடிப்பது” என்றுதான் சொல்வேன்.

சுடுகாட்டுக்குப் போகிற வழியில் வாய்க்கால் குறுக்கிடுகிறது. மழை நாளில் இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். நாலு வருஷமாக மனு கொடுக்கிறோம். ஒரு சின்னப் பாலம் கட்ட இத்தனை காலமா?
- வாசகர், நீடாமங்கலம் அருகே

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு கார்த்திகை மாதம் ஞாபகம் வந்தது. உங்கள் ஊர் மாதிரியே ஒரு ஊர். பாடை அக்கரை சேர்ந்த பிறகு கொள்ளிச்சட்டிக்காரர் இக்கரையிலேயே நின்றுகொண்டிருந்தார். இறங்கினால் நெருப்பு அணைந்துவிடும். கடைசியில் உயரமான ஒரு பையன் சட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கடந்தான். அன்றைக்குத் துக்கத்துக்கு வந்திருந்த எங்கள் எம்.எல்.ஏ. இதைக் கரையில் நின்று பார்த்தார். திரும்பும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, “லெட்டர் அடி” என்றார்.

அடித்தேன். ஒன்றிய அலுவலகத்துக்குப் போன கடிதம் மூன்று வாரத்தில் திரும்பியது: வாய்க்கால் பொதுப்பணித் துறைக்குச் சொந்தம், அவர்கள் தடையின்மைச் சான்று தர வேண்டும். (இப்போது அந்தப் பிரிவுக்கு நீர்வளத் துறை என்று பெயர்.) அங்கே போனால், “பாலத்துக்கு ஆட்சேபணை இல்லை, தண்ணீர் போகிற அகலத்தைக் குறைக்கக் கூடாது” என்றார்கள். நல்லது என்று சர்வேயரைக் கூட்டிக்கொண்டு இடத்துக்குப் போனோம். அங்கேதான் வெடித்தது குண்டு. அக்கரையில் இத்தனை வருஷமாக ஊரே நடந்துபோன பாதை பாதையே இல்லை. ஒரு அம்மாளின் பட்டா நிலம்.

தனியார் நிலத்தில் தொகுதி நிதியைப் போட விதி இடம் கொடுக்காது. பாலம் கட்டினால் அது வயலில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த அம்மாள் நடப்பதைத் தடுக்கவில்லை, ஆனால் எழுதிக் கொடுக்கவும் தயாராக இல்லை. “இன்னைக்குப் பாதைம்பீங்க, நாளைக்கு ரோடுன்னு லாரி விடுவீங்க” என்றார். அவர் வீட்டுத் திண்ணையில் எம்.எல்.ஏ. மூன்று முறை உட்கார்ந்தார். முதல் தடவை மோர் வந்தது. இரண்டாவது தடவை அதுவும் வரவில்லை. மூன்றாவது தடவைதான் விஷயம் வெளியே வந்தது: அவருடைய கீழண்டை வயலுக்கு வாய்க்காலிலிருந்து தண்ணீர் ஏறுவதில்லை, பக்கத்து வயல்காரரிடம் ஒவ்வொரு குறுவைக்கும் கையேந்த வேண்டியிருக்கிறது. பாலத்து அணைச்சுவரை ஒட்டி ஒரு குழாய் மதகு வைக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேட்டோம். முடியும் என்றார். அந்த வாரமே இருபது குழி நிலத்தை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார் அந்த அம்மாள்.

அதற்குப் பிறகுதான் எஸ்டிமேட், கலெக்டரின் நிர்வாக அனுமதி, டெண்டர். சின்ன வேலை, லாரி போக வழியில்லாத இடம் என்பதால் முதல் டெண்டருக்கு ஒருவரும் வரவில்லை. மறு டெண்டர். எல்லாம் சேர்த்துப் பதினாலு மாதம். திறப்பு விழாவுக்கு நாங்கள் தேதி பார்த்துக்கொண்டிருந்தபோதே ஆடு, மாடு, சைக்கிள் எல்லாம் போக ஆரம்பித்துவிட்டன. ரிப்பனை எங்கே கட்டுவது?

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வாய்க்காலின் சர்வே எண், இரண்டு கரைப் பாதைகளின் சர்வே எண், புலப்படம், அ-பதிவேட்டு நகல் எல்லாவற்றையும் எடுங்கள். இணையத்திலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். பாதை யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நாலு வருஷமாக உங்கள் மனு ஓடாமல் நிற்கிறது என்றால், ஏதோ ஒரு கரையில் ஒரு பட்டா இருக்கிறது என்பது என் ஊகம்.

ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் தொகுதி நிதி என்கிறார்கள். எங்கள் பகுதியில் மூன்று ரூபாய்க்குக்கூட வேலை நடந்த மாதிரித் தெரியவில்லை. எங்கே போகிறது?
- வாசகர், பள்ளிக்கரணை

நீங்கள் சோழிங்கநல்லூர் தொகுதிக்காரர். 2021 தேர்தலில் அங்கே வாக்காளர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல். அதே தேர்தலில் நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூரில் இரண்டு லட்சம்கூட இல்லை. இரண்டு பேருக்கும் அதே 3 கோடிதான். 234 தொகுதிக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்த கதை. கீழ்வேளூர்க்காரருக்குத் தொளதொள என்று இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அவருக்கும் பத்தாது.

எங்கள் தொகுதியில் எண்பது ஊராட்சி. மூன்று கோடியைச் சமமாகப் பங்கு போட்டால் ஊராட்சிக்கு 3,75,000 ரூபாய். ஒரு ஊராட்சியில் நாலைந்து குக்கிராமம். ஆளுக்கு ஒரு போர்வெல்கூடத் தேறாது. அந்தப் பணத்திலும் ஒரு பகுதியை அரசு குறித்துக் கொடுத்த பணிகளுக்குத்தான் செலவழிக்க வேண்டும், மீதியில்தான் உறுப்பினரின் விருப்பம். அப்புறம், பணம் அவர் கைக்கு வருவதே இல்லை. அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் அனுமதிப்பார், ஒன்றியமோ நகராட்சியோ மாநகராட்சியோ செய்யும். கோயிலுக்கும் மசூதிக்கும் சர்ச்சுக்கும் அதில் கொடுக்க முடியாது. இதைச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் ஆடி மாதத்தில் நான் வாங்கிய வசவுகளை இங்கே அச்சேற்ற ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. எந்த வேலைக்கு எவ்வளவு என்ற பட்டியல் ஒவ்வொரு எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலிலும் தொங்க வேண்டும். நாங்கள் ஒரு வருஷம் தொங்கவிட்டோம். தன் ஊர்ப் பெயர் இல்லாதவர்கள் மட்டும்தான் அதை நின்று படித்தார்கள். அடுத்த வருஷம் தொங்கவிடவில்லை. அது எங்கள் தப்பு.

சட்டமன்றத்தில் பேசினால் ஏதாவது நடக்குமா? டி.வி.யில் பார்த்தால் மேஜையைத் தட்டுவதுதான் தெரிகிறது.
- கல்லூரி மாணவி, திருவாரூர்

காலையில் பேரவைத் தலைவர் ஒரு குறளும் பொருளும் படிப்பார், பிறகு கேள்வி நேரம். டி.வி.யில் முழுசாகப் பார்க்க வேண்டியது அந்த ஒரு மணி நேரத்தை. ஒரு உறுப்பினர் தன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி மூலக் கேள்வி கேட்டிருப்பார். அமைச்சர் பதில் சொல்லி உட்காருவதற்குள் துணைக் கேள்வி கேட்கப் பத்துக் கை உயரும், ஒவ்வொரு கையும் ஒரு ஊர். “என் தொகுதியிலும் அதேபோல்...” என்று ஆரம்பிப்பார்கள். நம் எம்.எல்.ஏ. கை உயர்ந்ததா, தலைவர் கண்ணில் பட்டதா என்பதைத்தான் நான் எம்.எல்.ஏ. விடுதி அறையில் உட்கார்ந்து கவனிப்பேன்.

அமைச்சர் பதில்களை எடை போட எனக்கு ஒரு தராசு உண்டு. “அத்தகைய கருத்துரு அரசின் பரிசீலனையில் இல்லை” என்றால், ஐந்து வருஷத்துக்கு மறந்துவிடலாம். “உறுப்பினரின் கோரிக்கை பரிசீலிக்கப்படும்” என்றால், யாரும் குறித்துக்கொள்ளவில்லை. “நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்” என்றால், துறைச் செயலகத்தில் ஒரு கோப்பு திறக்கும், அதைத் தேடிப் போக வேண்டியது நம் வேலை. “இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்” என்றால் அறையில் நான் எழுந்து நின்றுவிடுவேன். அது உறுதிமொழி. நிறைவேறாவிட்டால் பேரவையின் அரசு உறுதிமொழிக் குழு கேள்வி கேட்கலாம், அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். முதலமைச்சர் 110 விதியின்கீழ் அறிவித்துவிட்டால் இன்னும் திட்டவட்டம், அதில் விவாதமே கிடையாது.

ஒரு வருஷம் மேட்டூர் திறக்க ஒரு மாதம்கூட இல்லாதபோது எங்கள் பக்கம் சி, டி வாய்க்கால்கள் (வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சின்னக் கிளை வாய்க்கால்கள்) தூர்வாரப்படாமல் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. ஜூன் 12 தண்ணீர் விட்டாலும் கடைமடைக்கு வராது. எம்.எல்.ஏ. மானியக் கோரிக்கை விவாதத்தில் (துறைவாரியாக நிதி ஒதுக்கும்போது நடக்கும் விவாதம்) ஏழெட்டு வாய்க்கால் பெயரைச் சொல்லி, எத்தனை கிலோமீட்டர் என்றும் சொன்னார். பேசியது மூன்று நிமிஷம். அந்தப் பெயர்களைச் சேகரிக்க நான் பாசனக்காரர்களோடு ஒன்பது நாள் கரை கரையாக நடந்தேன். அடுத்த வாரம் பொக்லைன் வந்தது, எல்லா வாய்க்காலுக்கும் அல்ல, நாலுக்கு.

எம்.எல்.ஏ. சொன்னால் பட்டா கிடைக்குமா?
- வாசகர், பேராவூரணி

நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), புறம்போக்கா? நத்தம் என்றால் தாசில்தாரிடம் வழியுண்டு, ஜமாபந்தியில் (தாலுகா ஆபீசில் வருஷா வருஷம் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) மனுக் கொடுங்கள். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு என்றால் எம்.எல்.ஏ. அல்ல, யார் சொன்னாலும் கிடைக்காது, நீதிமன்றங்கள் கறாராக இருக்கின்றன. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. அவரிடம் போய்ப் பயன் உண்டா, ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரையே பார்க்கலாமா?
- வாசகர், ஊர் பெயர் வேண்டாமாம்

இரண்டு பேரையும் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியாதா?

எங்கள் எம்.எல்.ஏ. ஒரு தவணை ஆளுங்கட்சியில், ஒரு தவணை எதிர்ப்பக்கம் இருந்தார். வித்தியாசம் போனில் தெரியும். ஆளுங்கட்சியாக இருந்தபோது அதிகாரி இரண்டாவது மணியில் எடுப்பார். எதிர்க்கட்சியான பிறகு, “சார் மீட்டிங்ல இருக்கார்.” ஆனால் பேரவைக் கேள்விக்கு இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதிதான், எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் வந்தாக வேண்டும். சொல்லப்போனால் எதிர்க்கட்சித் தவணையில்தான் நாங்கள் அதிகம் கேள்வி போட்டோம். சொந்த அமைச்சரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற தயக்கம் இல்லை பாருங்கள்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார்: நீண்ட நாள் தீராத பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டுக் கலெக்டரிடம் கொடுங்கள் என்று. எதிர்க்கட்சிக்காரர்களுக்கும்தான். நான் அப்போது வேலையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். செய்தியைப் படித்துவிட்டு நானே ஒரு தாளில் பத்து எழுதிப் பார்த்தேன். நாற்பதுக்கு வந்து நின்றது. உங்கள் எம்.எல்.ஏ. கொடுத்த பத்து எவை, எது எந்த நிலையில் இருக்கிறது என்று போய்க் கேளுங்கள். பதில் சொல்ல அவர் தடுமாறினால் உங்கள் சந்தேகத்துக்கு விடை கிடைத்துவிடும்.

மகனுக்கு இடமாற்றம் வேண்டும். எம்.எல்.ஏ. பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லையே?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, வாத்தியாரிடம் பொய் சொல்லக் கூடாது. நாங்கள் ஒரு நாளைக்கு அப்படி இருபது கடிதம் கொடுப்போம். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. முதல் கடிதம் வாங்குகிறவரின் மனசுக்கு. பதினைந்து நாள் கழித்து, முதல் கடிதத்தின் எண்ணும் தேதியும் போட்டு ஒரு நினைவூட்டு போகும் பாருங்கள், அதைத்தான் அதிகாரி பிரித்துப் படிப்பார். எதற்கு நினைவூட்டு போட வேண்டும் என்று எம்.எல்.ஏ. மனுவின் மூலையில் பச்சை மையில் சின்னதாக ஒரு டிக் போடுவார். உங்கள் மகன் மனுவில் டிக் இருந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு காதுகுத்து விடாமல் போகிறாரே எங்கள் எம்.எல்.ஏ., அவருக்கு வேறு வேலை இல்லையா?
- வாசகி, மன்னார்குடி

அதுதான் அம்மா வேலை. ஆபீசுக்கு வரக் கூச்சப்படுகிறவர்கள், பஸ் காசு இல்லாதவர்கள், ஊர்ப் பெரியவர் முன்னால் வாய் திறக்க முடியாதவர்கள் எல்லாரும் பந்தியில்தான் பிடிப்பார்கள். முகூர்த்த நாளில் எங்கள் எம்.எல்.ஏ. ஏழெட்டு வீட்டுக்குப் போவார், ஒவ்வொரு வீட்டிலும் நாலு மனு சட்டைப் பைக்குள் போகும். சாம்பார் பட்டது, சந்தனம் பட்டது, கல்யாணப் பத்திரிகையின் முதுகில் எழுதியது. ராத்திரி வந்ததும் பையைக் காலி செய்து என் மேஜையில் கொட்டுவார். விசிறிக்கு அடியில் காய வைத்து மறுநாள் பதிவேட்டில் ஏற்றுவேன்.

ஒரு தை மாதம் அவர் அலுப்பில் அப்படியே தூங்கிவிட்டார், சட்டை சலவைக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு சலவைக்காரர் ஒரு பொட்டலத்தையும் நீட்டினார். தண்ணீரில் போடும் முன் பையைத் தடவிப் பார்த்திருக்கிறார். ஐந்து மனு. கீழே ஆறாவதாக ஒன்று, புதுத் தாளில், அவர் எழுதியது: படித்துறையில் இரண்டு படி உடைந்து கிடக்கிறது, துவைக்கிறபோது கால் வழுக்குகிறது.