சந்தேகக்கார நாயகனைத் திருத்த வேண்டுமா?

உங்கள் கதையில் நாயகியின் போனை நாயகன் திருட்டுத்தனமாகப் பார்க்கும் அத்தியாயத்துக்கு வாசகர்களிடம் ஏகப்பட்ட திட்டு, தூக்கிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்காதீர்கள். அவன் செய்தது அல்ல சிக்கல். அடுத்த பக்கத்திலேயே அவள் மன்னித்துக் காபி போட்டுத் தருகிறாளே, அதுதான் உறுத்துகிறது. அவள் பாஸ்வேர்டை மாற்றட்டும், நாலு நாள் பேசாமல் இருக்கட்டும். அவனுடைய சோகமான சின்ன வயசுக் கதையை அந்த இடத்தில் மட்டும் வெட்டிவிடுங்கள், ப்ளீஸ். மன்னிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் மாதிரி இருக்கிறது.

அப்புறம், அவளுக்கும் ஒரு குறை வேண்டும். குறுந்தொகை 43-இல் ஔவையார் இதை ஐந்தே அடியில் செய்திருக்கிறார். அந்தப் பாட்டில், தலைவன் பிரிந்து போகமாட்டான் என்று தலைவி அசட்டையாக இருந்துவிட்டாள். அவள் சம்மதிக்கமாட்டாள் என்று நினைத்து அவன் சொல்லாமலே போய்விட்டான். இப்போது நல்ல பாம்பு கடித்தது போல அவள் நெஞ்சு தவிக்கிறது. தப்பு இருவர் பக்கமும் இருக்கிறது, ஆனாலும் நமக்கு ஒருவர் மேலும் கோபம் வருவதில்லை.