ஷாத்தோநெஃப் து பாப் சிவப்பு ஒயின்: கேள்வி பதில்

கே: 2016-ஆம் ஆண்டு புட்டி ஒன்று திறந்தேன். நிறம் வெளிறி, கோப்பையின் அடி தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. தென் பிரான்சின் ஷாத்தோநெஃப் து பாப் ஊரில் செய்யும் இந்த ஒயினில் பெரும்பங்கு கிரெனாஷ் திராட்சை. அதன் தோல் மெல்லியது. நிறம் குறைவு, சர்க்கரை அதிகம்; நொதிக்கும்போது அதுதான் ஆல்கஹாலாகிறது. அதனால் பார்வைக்கு இளைத்த ஒயின் லேபிளில் 14.5 அல்லது 15 சதவீத ஆல்கஹால் காட்டும். விளிம்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் அது வயது. முழுக்கப் பழுப்பாகி, வெட்டி வைத்த ஆப்பிள் வாடையும் வந்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது.

கே: 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்கிறார்களே, சார்? சென்னையில் அப்படியே ஊற்றினேன். சாராய நெடிதான் வந்தது.

அந்த 'அறை' ஹீட்டர் காலத்துக்கு முந்தைய பிரெஞ்சு வீட்டு அறை. உங்களுக்கு வேண்டியது 16–17 டிகிரி. 30 டிகிரியில் ஆல்கஹால் முதலில் ஆவியாகி மூக்கை அடைத்துவிடும், பழமணம் பின்னால் போய்விடும். ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி போட்ட வாளியில் புட்டியைக் கழுத்துவரை 10–12 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸ் போதாது. கண்ணாடியை ஒட்டி நிற்பது தண்ணீர்தான். 12 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மணம் அடங்கித் துவர்ப்பு மட்டும் தூக்கும்.

கே: முறையாகச் சுவைப்பது எப்படி?

வாய் குறுகிய பெரிய கோப்பையில் 50–60 மில்லி. சுழற்றுவதற்கு முன் ஒருமுறை முகருங்கள். குறையிருந்தால் பெரும்பாலும் அப்போதே தெரியும். பிறகு சுழற்றினால் செர்ரி, ராஸ்பெர்ரி, மிளகு, காய்ந்த மூலிகை, வயதானதில் பதப்படுத்திய தோல் மணம் வரும். ஒரு மடக்கைப் பத்து விநாடி வாயில் புரட்டி, உதடு வழியே கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். நாவற்பழம் தின்றதுபோல ஈறு இறுகுகிறதே, அது டானின் என்ற துவர்ப்புப் பொருள். தொண்டையில் எரிவது ஆல்கஹால். இரண்டையும் குழப்பிக்கொண்டு 'காரமான ஒயின்' என்பவர்கள் நிறைய. நாலைந்து புட்டி சுவைக்கும் நாளில் துப்பிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கே: தொழுவ வாடை அடிக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

எந்த வாடை என்று பாருங்கள். ஈரக் காகித அட்டை போலிருந்தால் கார்க்கால் வந்த குறை. எவ்வளவு நேரம் காற்றில் வைத்தாலும் போகாது, திருப்பிக் கொடுங்கள். தீக்குச்சி வாடை அரைமணி காற்றில் பெரும்பாலும் கலைந்துவிடும். தொழுவமும் மருந்துப் பிளாஸ்திரியும் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. புளிப்பு குறைந்த, சூடான ஊர் ஒயினில் அது எளிதாகப் பிடிக்கும். இலேசாக இருந்தால் சிலர் ரசிக்கிறார்கள். பழமணத்தை மூடிவிட்டால் என் கணக்கில் அது குறைதான்.

கே: அந்த ஊர்த் திராட்சைத் தோட்டத்துக் கூழாங்கற்கள்தான் ருசிக்குக் காரணமாமே?

பாதிக் கதை. தென் ரோன் பள்ளத்தாக்கில், அவிஞோன் நகருக்கு வடக்கே இருக்கிறது இந்த ஊர். பழைய ரோன் ஆறு உருட்டிக் கொண்டுவந்த குவார்ட்சைட் கற்கள் பகல் வெயிலை வாங்கி இரவில் விடுகின்றன, உண்மை. ஆனால் அங்கே சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. கல்லடியில் இருக்கும் களிமண் கோடையில் ஈரத்தைக் காப்பதுதான் பெரிய உதவி. ஊரின் புகழ்பெற்ற ரயாஸ் தோட்டம் மணலில் நிற்கிறது. கூழாங்கல் கிடையாது, ஒயினோ மிக நளினம். மழைக்குப் பின் மிஸ்திரால் என்ற வறண்ட வடக்குக் காற்று கொத்துகளை உலர்த்திப் பூஞ்சையைத் தடுக்கிறது.

லேபிளில் இந்த ஊர்ப் பெயரைப் போட விதிகளும் கடுமை: 13 திராட்சை வகைகளுக்கு அனுமதி, கையறுவடை மட்டும், சர்க்கரை சேர்க்கக் கூடாது, ஆல்கஹால் குறைந்தது 12.5 சதவீதம். (1954-இல் பறக்கும் தட்டுகள் இறங்கத் தடை போட்ட ஊராட்சியும் இதுதான்.)

கே: செட்டிநாட்டுக் கோழியுடன்?

வேண்டாம். 15 சதவீத ஆல்கஹால் மிளகாய் எரிச்சலை இரட்டிப்பாக்கும். உப்பும் பூண்டும் மிளகும் மட்டும் போட்ட ஆட்டுக்கறி வறுவல் பொருந்தும்.

கே: மீதியை எத்தனை நாள் வைக்கலாம்?

கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் இரண்டு நாள். கிரெனாஷ் காற்றுக்குச் சீக்கிரம் தளர்ந்துவிடும்.