கால் துவண்டால் மலப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: நாலு வயது மகளுக்கு இரண்டு காலும் திடீரென வலுவிழந்துவிட்டன. 'இது ஜி.பி.எஸ். (கில்லன்-பாரே எனும் நரம்பு நோய்), போலியோ இல்லை' என்கிறார் டாக்டர். சொட்டு மருந்து, ஊசி எதுவும் விடுபடவில்லை. ஆனாலும் இரண்டு முறை மலம் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். ஏன்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: டாக்டர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பலவீனம் இரண்டு பக்கமும் சமமாக, கீழிருந்து மேலே ஏறினால் ஜி.பி.எஸ். என்று சந்தேகிப்போம். காய்ச்சலோடு ஒரு கால் மட்டும் துவண்டு, தொடுவுணர்ச்சி குறையாமல் இருந்தால் போலியோ. ஆனால் இது அறிகுறியை வைத்துச் செய்யும் ஊகம்தான். அதனால் 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரெனக் கை கால் துவண்டாலும், காரணம் எதுவாகத் தெரிந்தாலும், சுகாதாரத் துறைக்குத் தகவல் போக வேண்டும், மலம் சோதிக்கப்பட வேண்டும். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், ஹவுராவில். அதன் பிறகு இல்லை என்று அடித்துச் சொல்ல முடிவதே இந்தச் சோதனைகளால்தான். ஒரு மாவட்டத்திலிருந்து இப்படி ஒரு தகவலும் வரவில்லை என்றால் அங்கே யாரும் தேடவில்லை என்றே எடுத்துக்கொள்வோம்.

போலியோ வைரஸ் மலத்தில் விட்டுவிட்டுத்தான் வெளியேறும். ஆகவே குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரி, பலவீனம் தொடங்கிய 14 நாளுக்குள். ஒவ்வொன்றும் சுமார் 8 கிராம், பெரியவரின் கட்டைவிரல் அளவு. சிறுநீரோ, பினாயிலோ கலக்கக்கூடாது. ஜி.பி.எஸ். குழந்தைகளுக்கு மலச்சிக்கல் சகஜம். அதற்காக எனிமா கொடுத்து எடுத்தால் மாதிரி நீர்த்துப்போகும். டப்பாவை இறுக மூடி, ஐஸ் வைத்த பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஆய்வகத்துக்கு மூன்று நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். நம் மாநிலத்துக்கு அது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். வழியில் ஐஸ் உருகிவிட்டால் வைரஸ் செத்துப்போகும், 'இல்லை' என்று வரும் முடிவை நம்ப முடியாது. 14 நாள் கடந்துவிட்டாலும் எடுக்கலாம், வைரஸ் கிடைக்கும் வாய்ப்புதான் குறையும். கடைசியாகச் சொட்டு மருந்து கொடுத்த தேதியைத் தவறாமல் சொல்லுங்கள். 60 நாள் கழித்து, பலவீனம் மிச்சமிருக்கிறதா என்று மறுபடி வந்து பார்ப்பார்கள்; அதற்கும் ஒத்துழையுங்கள்.

கேள்வி: இடுப்பில் ஊசி போட்ட மறுநாள் பையன் ஒரு காலை இழுத்து நடக்கிறான். இதையுமா தெரிவிக்க வேண்டும்?

பதில்: ஆமாம். ஊசி நரம்பில் பட்டிருக்கலாம். ஆனால் போலியோ வைரஸ் உடம்பில் இருக்கும்போது தசையில் ஊசி போட்டால் அந்தக் காலிலேயே வாதம் வர வாய்ப்பு கூடும். 'ஊசிக் கோளாறு' என்று ஒதுக்குவதுதான் பெரிய ஆபத்து.

கேள்வி: முடிவு வர ஏன் இத்தனை நாள்? 'வைரஸ் இருக்கிறது' என்று வந்தால்?

பதில்: மலச் சாற்றை ஆர்.டி., எல்20பி என்ற இரு வகைச் செல்களில் விட்டு, செல்கள் உருண்டு கழன்று வருகின்றனவா (வைரஸ் வளர்வதன் அடையாளம் அது) என்று தினமும் பார்ப்பார்கள். ஐந்து நாள் பார்த்துவிட்டு, புதுச் செல்களுக்கு மாற்றி இன்னொரு ஐந்து நாள். எல்20பி எலிச் செல்தான். மனிதச் செல்லில் போலியோ வைரஸ் ஒட்டும் புரதத்தை அதில் புகுத்தியிருப்பதால், முக்கியமாகப் போலியோவே அதில் வளரும். வளர்ந்தது சொட்டு மருந்தில் உள்ள, வலுக்குறைத்த வைரஸாகவும் இருக்கலாம், பதற வேண்டாம். அதை அறிய, வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றுக்கான விபி1 மரபணுவின் ஏறக்குறைய 900 எழுத்துகளைப் படிப்பார்கள். போலியோ வைரஸின் மூன்று வகைகளில் டைப் 2-ல் 6 எழுத்தோ அதற்கு மேலோ, டைப் 1, 3-ல் 10-ஓ அதற்கு மேலோ மருந்து வைரஸிலிருந்து மாறியிருந்தால், தடுப்பு மருந்து வைரஸ் உருமாறி ஊரில் சுற்றுகிறதா என்ற விசாரணை தொடங்கும்.

கேள்வி: போலியோ தவிர வேறு வைரஸ்கள்?

பதில்: போலியோவின் உறவுக்கார வைரஸான என்டரோ வைரஸ் 71 மலத்தில் கிடைக்கும். இன்னோர் உறவுக்கார வைரஸான என்டரோ வைரஸ் டி68 மலத்தில் அரிது. மூக்கு, தொண்டையில்தான் தேட வேண்டும். சளிக்குப் பின் கை துவண்டால், மலத்தோடு மூக்கு, தொண்டை மாதிரியையும் முதல் சில நாளிலேயே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.